விமான கம்போசிட் பாகங்கள் செய்யும் வேலை: ஃப்ரீசர் முதல் ஆய்வு மேசை வரை

போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய 50 சதவீதம் கம்போசிட், அதாவது இழைகளை ரெசின் என்ற பிசினில் பதித்து இறுக்கிய பொருள். ஏர்பஸ் ஏ350-ல் அது 53 சதவீதம். நம் தேஜஸ் போர்விமானத்திலும் எடையில் 45 சதவீதம் அதுதான். இவற்றின் பெரிய இறக்கைத் தோல்களில் பலவற்றை இயந்திரமே அடுக்கிவிடும். ரிப் (இறக்கைக்குள் குறுக்காக நிற்கும் சட்டம்), பிராக்கெட், ஃபேரிங் (காற்று வழுக்கிச் செல்ல மூடும் உறை), கதவு, சிக்கலான வளைவுள்ள சிறு பாகங்கள் என்று வரும்போது இன்றும் மனிதக் கைதான் பிளையை, அதாவது ஒவ்வோர் இழை அடுக்கையும், வைக்கிறது.

அலுமினியம் வெட்டுபவருக்குப் பொருள் ஆலையிலேயே உருவாகி, சான்றிதழோடு வந்து சேர்கிறது. அவர் கெடுக்க முடிந்தது வடிவத்தை மட்டும்தான். கம்போசிட்டில் பொருளே உங்கள் மேசையில்தான் உருவாகிறது. இழை எந்தக் கோணத்தில் கிடக்கிறது, நடுவே காற்று இருக்கிறதா, ரெசின் சரியாக இறுகியதா என்பதெல்லாம் உங்கள் ஷிஃப்டில் முடிவாகிறவை. எப்பாக்சி என்ற ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருக்க முடியாது. ஆட்டோகிளேவுக்கு (வெப்பமும் அழுத்தமும் தரும் பெரிய அடுப்பு) முன்னால் பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய பிழை, அதன் பிறகு பெரும்பாலும் ஸ்கிராப்தான்.

கீழே உள்ள படிகளுக்கு உதாரணமாக ஒரே பாகத்தை எடுத்துக்கொள்வோம்: குழிவான டூலில் (பாகத்துக்கு வடிவம் தரும் அச்சு) செய்யும் 'யூ' வடிவ ரிப். ஒருதிசை இழை கொண்ட கார்பன்-எப்பாக்சி பிரிப்ரெக் (ரெசின் முன்பே ஊறிய இழைத் தாள்), 16 பிளை. 45, 0, -45, 90 என்ற வரிசை இருமுறை வந்து, பிறகு அப்படியே தலைகீழாகத் திரும்பும். ஒரு பிளை இறுகியபின் 0.184 மி.மீ. என்றால் பாகத்தின் தடிமன் ஏறக்குறைய 2.94 மி.மீ. இங்கே வரும் எண்கள் 180 டிகிரி செல்சியஸில் இறுகும் எப்பாக்சிகளுக்குப் பொதுவானவை. உங்கள் கம்பெனியின் பிராசஸ் ஸ்பெசிஃபிகேஷன் வேறு எண் சொன்னால் அதுவே சட்டம்.

படி 1: ரூட் கார்டைப் படியுங்கள்

கத்தியைத் தொடுவதற்கு முன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: ரூட் கார்டு (வேலைப் படிகளின் வரிசை), பிளை டேபிள் (பிளைகளின் பட்டியல்), வரைபடம். மூன்றிலும் பார்ட் நம்பரும் ரிவிஷனும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நேற்று செய்த அதே பாகம்தானே என்று பழைய பிரதியை வைத்து வேலை தொடங்குவது பழகிய கைகள் செய்யும் தப்பு. புதியவர்கள் பயத்தினாலேயே படித்துவிடுவார்கள்.

ரூட் கார்டில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எதிரே உங்கள் ஸ்டாம்ப் விழும். வேலை முடிந்த அடுத்த நிமிடம் குத்துங்கள். ஷிஃப்ட் முடிவில் மொத்தமாகக் குத்துவது தணிக்கையில் பிடிபடும் முதல் விஷயம். விமானத் துறையின் ஏஎஸ்9100 தர அமைப்போடு கம்போசிட் கடைகளுக்கு (பட்டறைகளுக்கு) நேட்கேப் என்ற தனி அங்கீகாரமும் உண்டு. ஏசி7118 என்ற அதன் சரிபார்ப்புப் பட்டியலோடு வரும் தணிக்கையாளர் நேரே லே-அப் (பிளை அடுக்கும்) மேசைக்கே வந்து, வேலை செய்பவரிடமே கேள்வி கேட்பார். உங்கள் ஸ்டாம்பை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

படி 2: ஃப்ரீசரிலிருந்து எடுத்தல்

பிரிப்ரெக்கில் ரெசினும் கடினமாக்கியும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அறை வெப்பத்தில் அது மெல்ல இறுகிக்கொண்டே போகும். அதனால்தான் மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறோம். அங்கே 12 மாதம் தாங்கும் ரகங்கள் சாதாரணம். வெளியே வந்தபின் இரண்டு கணக்குகள் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று, ஒட்டும் தன்மை நீடிக்கும் காலம். பரவலாகப் பயன்படும் ஒரு 180 டிகிரி எப்பாக்சியில் இது 10 நாள். மற்றொன்று அவுட் லைஃப், அதாவது ஆட்டோகிளேவில் ஏற்றும் வரை வெளியில் இருக்கலாம் என்ற மொத்த நேரம்; அதே ரகத்தில் 30 நாள்.

மீண்டும் ஃப்ரீசரில் வைத்தால் கணக்கு நிற்குமே தவிர அழியாது. உறைநீங்க 12 மணி நேரம், வெட்ட 3 மணி நேரம் வெளியில் இருந்த ரோலைத் திருப்பி உள்ளே வைக்கும்போது பதிவேட்டில் 15 மணி நேரம் ஏறியிருக்க வேண்டும். வெட்டிய பிளைகளுக்கும் அதே 15 மணி நேரம் கூடவே வரும்.

ரோல் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைத் திறக்கவே கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போலவே குளிர்ந்த பிரிப்ரெக் மேலும் ஈரம் படியும். அந்த ஈரம் 180 டிகிரியில் ஆவியாகி, பிளைகளுக்கு நடுவே குமிழாக உட்கார்ந்துவிடும். உறையின் வெளிப்பக்கம் ஈரமில்லாமல் உலர்ந்திருப்பது ஓர் அடையாளம்தான். ரோலின் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருக்கலாம். பெரிய ரோலுக்கு ஓர் இரவு முழுக்க விடுவதே பாதுகாப்பு. அவசரத்துக்கு ஹீட்டர் பக்கத்தில் வைப்பது வேண்டாம்.

படி 3: கிளீன் ரூம்

வெப்பநிலை 20 டிகிரியைச் சுற்றி, ஈரப்பதம் 60 அல்லது 65 சதவீதத்துக்குக் கீழே, வெளியை விட உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக. இதைப் பார்த்துக்கொள்வது கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு என்றாலும், எல்லை தாண்டினால் லே-அப்பை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

சிலிகான்தான் முதல் எதிரி. கை கிரீம், தலைக்குப் போடும் சீரம், சில வாசனை ஸ்ப்ரேக்கள், கதவுக்கு அடிக்கும் லூப்ரிகன்ட் என எதில் வேண்டுமானாலும் அது இருக்கும். ஒரு விரல் அளவு பட்டாலும் அந்த இடத்தில் பின்னால் பசையோ பெயின்ட்டோ பிடிக்காது. தலைக்கு எண்ணெய் தேய்த்து வந்தால் தொப்பிக்கு வெளியே முடி வரக் கூடாது. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போடுங்கள். கையுறையோடு முகத்தையோ போனையோ தொட்டுவிட்டால் கழற்றி எறிந்து புதிதாகப் போடுங்கள்.

படி 4: டூல் தயாரிப்பு

டூல் எந்த உலோகம் என்று தெரிந்திருப்பது நல்லது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரோமீட்டர் நீளும். 3 மீட்டர் டூல் 20-லிருந்து 180 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 11 மி.மீ. நீண்டுவிடும், கார்பன் பாகம் அவ்வளவு நீளாது. பெரிய பாகங்களுக்கு விலை அதிகமான இன்வார் (இரும்பு-நிக்கல் கலவை) டூல் போடுவது இதனால்தான். அதே கணக்கில் இன்வார் நீள்வது ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் ரிப் சிறியது, எஃகு டூல் போதும். 'யூ'-வின் இரு பக்கங்களும் ஆறும்போது ஒன்றிரண்டு டிகிரி உள்ளே சாயும். டூல் வடிவமைப்பாளர் அதற்கு ஈடாகக் கோணத்தை முன்கூட்டியே விரித்து வைத்திருப்பார். டூலில் 91 டிகிரி அளந்துவிட்டு யாரோ தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று பதற வேண்டாம்.

பழைய ரெசினைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் மட்டும் எடுங்கள். நூல் உதிராத துணியில் கரைப்பான் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். கரைப்பான் காய்வதற்குள் இரண்டாவது உலர்துணியால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு இடம் மாறி மறுபடி படியும். பாகம் டூலில் ஒட்டாமல் தடுக்கும் ரிலீஸ் ஏஜென்டை மெல்லிய கோட்டாக, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி விட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூசுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பின் இறுகும் நேரம் முழுவதும் விடுங்கள். அவசரப்பட்டால் அது பாகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு போய், பெயின்ட் கடையில் வம்பாக முடியும். வேக்யூம் பையை டூலோடு இணைக்கும் சீலன்ட் டேப் ஒட்டப்போகும் ஓரத்தில் ரிலீஸ் ஏஜென்ட் படவே கூடாது. அந்த ஓரத்தில் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி வைப்பது எளிய வழி.

படி 5: பிளை வெட்டுதல்

சிஎன்சி கட்டர் இருந்தால் உங்கள் வேலை ரோலைச் சரியான திசையில் விரிப்பதும், வெட்டிய துண்டுகளை எண் வாரியாக அடுக்குவதும்தான். கையால் வெட்டுவதென்றால் டெம்பிளேட்டின் திசைக்கோட்டை ரோலின் நீளத்தோடு பொருத்துங்கள். அனுமதிக்கப்படும் கோண விலகல் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள் இருக்கும்.

கத்தி பிளேடு ஒன்று கொடுத்தால்தான் இன்னொன்று வாங்க முடியும் என்ற விதி பல கடைகளில் உண்டு. உடைந்த நுனி பாகத்துக்குள் போயிருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடம் வைக்காத ஏற்பாடு அது. நுனி உடைந்தால் கிடைக்கும்வரை தேடுங்கள். கிடைக்காவிட்டால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். மறைத்தால் பாகம் பறக்கும், பிரச்சினையும் கூடவே பறக்கும்.

படி 6: லே-அப்

முதலில் திசைக்குறியை மனதில் பதியுங்கள். வரைபடத்தில் 0, 45, 90 காட்டும் நட்சத்திரக்குறி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரையப்பட்டது என்பதுதான் கேள்வி. +45 பிளையைக் கவிழ்த்து வைத்தால் அது -45 ஆகிவிடும். 0-வும் 90-உம் கவிழ்ந்தாலும் மாறாததால், கண் பழகிப்போய் 45-ஐக் கோட்டை விடுகிறது. ஒரே ஒரு பிளை மாறினாலும் அடுக்கின் சமச்சீர் போய்விடும்; ஆறும்போது ரிப் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் வெட்டும்போதே காகிதப் பக்கத்தில் எண், கோணம், முன்பக்க அம்புக்குறி மூன்றும் எழுதப்பட்டிருந்தால் இந்தத் தப்பு பெரும்பாலும் நேராது. லேசர் புரொஜெக்டர் இருக்கும் கடையில் பிளையின் எல்லைக்கோடு டூலின் மேல் பச்சை வெளிச்சமாக விழும். அது எல்லையைக் காட்டும். நீங்கள் பிளையைக் கவிழ்த்து வைத்தீர்களா என்று அதற்குத் தெரியாது.

இனி மூலை. குழிவான டூலில் தரமெல்லாம் மூலையில்தான் தீர்மானமாகிறது. பிளையை முதலில் 'யூ'-வின் தரையில் ஒட்டி, பிறகு இரு சுவரிலும் மேலிருந்து ஒட்டினால், மூலையில் அது பாலம்போல் தொங்கி நிற்கும். தடவிப் பார்த்தால் ஒட்டியதாகவே தெரியும். ஆட்டோகிளேவில் அந்த இடைவெளிக்குள் ரெசின் வழிந்து நிறையும், அல்லது வெற்றிடமாகவே இருக்கும். இழை மட்டும் அங்கே போகாது. கார்பன் இழை ரப்பரைப்போல நீளாது என்பதால், இரு பக்கமும் பிடித்துக்கொண்டபின் மூலைக்குள் எவ்வளவு அழுத்தினாலும் அது இறங்க வழியில்லை.

ஆகவே வரிசை இப்படி: தரையின் நடுவில் பிளையை இருத்துங்கள். நடுவிலிருந்து ஒரு மூலை நோக்கித் தடவிக்கொண்டே போய், சுவரைத் தொடுவதற்கு முன் டெஃப்லான் ஸ்பாச்சுலாவின் உருண்டை விளிம்பால் மூலையின் அடிவரை அழுத்துங்கள். மூலை முழு நீளத்துக்கும் உட்கார்ந்த பிறகுதான் சுவரில் ஏற்ற வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. பின் மறு மூலை. சுவரின் மேல் ஓரத்தில் கூடுதலாக விட்ட துணி கொஞ்சம் கீழே இழுபட்டு வரும். அதற்காகத்தான் வெட்டும்போதே மிகை விடுகிறோம். பிளை விறைப்பாக இருந்தால் ஹாட் ஏர் கன்னை ஸ்பெசிஃபிகேஷன் சொல்லும் வெப்பத்துக்குள், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். இளக வைப்பதற்கு மட்டுமே அது.

ஒருதிசைப் பிரிப்ரெக்கில் இணைப்பு தேவைப்பட்டால் இழைக்கு இணையாக மட்டுமே, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைக்கலாம். இடைவெளி பொதுவாக 2 மி.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும்; ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. இழைக்குக் குறுக்கே இணைப்பு கிடையாது. அடுத்தடுத்த பிளைகளின் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் குறைந்தது 25 மி.மீ. தள்ளி வையுங்கள்.

பின்தாள் விஷயத்துக்கு வருவோம். ஒருதிசைப் பிரிப்ரெக்கில் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் மெல்லிய பாலித்தீன். பாலித்தீனை உரிக்க மறந்து அடுத்த பிளையை வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் இரு பிளைகளும் ஒட்டவே ஒட்டாது, அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையில் பெரிய டிலாமினேஷனாக, அதாவது பிளைப் பிரிவாகத் தெரியும். உரித்த ஒவ்வொரு தாளையும் மேசையோரம் வரிசையாக ஒட்டி வையுங்கள். 16 பிளை முடிந்தபோது 16 காகிதமும் 16 பாலித்தீனும் இருக்க வேண்டும். 15 இருந்தால் குப்பைத் தொட்டியைக் கிளறுவது பாகத்தை எறிவதைவிட மலிவு. ஒரு மூலை கிழிந்து உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் எண்ணிக்கையோடு தாள் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டூலின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டக் கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடியில் உலோகத் தகடு வையுங்கள், வைத்ததை எடுக்கவும் மறக்காதீர்கள். டூலில் விழும் கீறல் இனி வரும் ஒவ்வொரு பாகத்திலும் அச்சாக விழும். அது ஓரத்தில் விழுந்தால் வேக்யூம் கசிவுக்கும் வழி.

படி 7: டீபல்க்

முதல் பிளைக்குப் பின் கட்டாயம், பிறகு மூன்று முதல் ஐந்து பிளைக்கு ஒருமுறை, தற்காலிகப் பையால் மூடி 10–15 நிமிடம் வேக்யூம். நம் ரிப்பில் மூலை இருப்பதால் மூன்றுக்கு ஒருமுறை என்பதே என் சிபாரிசு. நடுவே சிக்கிய காற்று வெளியேறும், பிளைகள் மூலைக்குள் இறங்கும். டீபல்க்கை விட்டுவிட்டால் 16 பிளையும் உப்பலாக நின்று, ஆட்டோகிளேவில் ஒரேயடியாக அமுங்கும்போது உள் பிளைகள் மடிந்து சுருக்கம் விழும். தற்காலிகப் பையைக் கழற்றியபின் ரிலீஸ் ஃபிலிம் துண்டு எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

படி 8: வேக்யூம் பேக்

கீழிருந்து மேலாக அடுக்கு இது: டூல், பாகம், பீல் பிளை (பின்னால் உரித்தெடுக்கும் துணி), ரிலீஸ் ஃபிலிம் (ஒட்டாத தாள்), பிரீதர் (காற்றைக் கடத்தும் பஞ்சுத்துணி), நைலான் பை. இன்றைய பிரிப்ரெக் பலவற்றில் ரெசின் அளவு முன்கூட்டியே சரியாக இருப்பதால் மிகை ரெசினை உறிஞ்ச ப்ளீடர் தேவைப்படாது; துளையில்லா ரிலீஸ் ஃபிலிம் போடுவோம். பழைய ரகங்களில் துளையிட்ட ஃபிலிமும் அதன்மேல் ப்ளீடரும் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ரெசின் வறண்ட பாகமோ, ரெசின் மிகுந்த பாகமோ கிடைக்கும். பாகத்தின் ஓரத்தில் ரெசின் வழியாமல் தடுக்க எட்ஜ் டேம் வைக்கவும்.

பிரீதர் பாகத்தின் மேலிருந்து வேக்யூம் போர்ட் வரை அறுபடாமல் தொடர வேண்டும். காற்று போகும் பாதையே அதுதான். போர்ட்டைப் பாகத்தின் மேல் வைக்காதீர்கள், அதன் வட்ட அச்சு அப்படியே பதியும். குறைந்தது இரண்டு போர்ட் வேண்டும்: ஒன்றில் உறிஞ்சுங்கள், தூரத்தில் உள்ள மற்றொன்றில் அளவெடுங்கள். உறிஞ்சும் இடத்திலேயே அளந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

பையைத் தாராளமாக வெட்டுங்கள். சீலன்ட் டேப்பைச் சுற்றி ஒட்டும்போது ஒவ்வொரு மூலைக்கும் நேரே ஒரு மடிப்பை நிமிர்த்தி, அதன் இரு பக்கத்துக்கும் நடுவில் தனி டேப் துண்டு வைத்து மூடுங்கள். 'யூ'-வின் உள்மூலைகளுக்கு நேரே கண்டிப்பாக மடிப்பு வேண்டும். பை இறுக்கமாக நின்றால் அது மூலையைத் தொடாது. 7 பார் அழுத்தம் சுவரிலும் தரையிலும் மட்டும் விழுந்து, மூலையில் ஒன்றுமே விழாது, அல்லது பை அங்கேயே வெடிக்கும். வேக்யூமை மெதுவாகத் திறந்து, பை கீழே போகப்போக விரலால் அதை மூலைக்குள் தள்ளிக்கொண்டே இருங்கள். முழு வேக்யூம் வந்தபின் தள்ளினால் நகராது.

நைலான் ஃபிலிம் மிருதுவாக இருக்கக் காரணம் அதிலுள்ள ஈரம். உறையில்லாமல் ரோலை வறண்ட இடத்தில் போட்டுவைத்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்; மடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளைப் பின்னால் வெட்டி எறியப்போகும் ஓரப்பகுதியில் வையுங்கள். சீக்கிரம் சூடாகும் மெல்லிய இடத்தில் ஒன்று, தாமதமாகும் தடித்த இடத்தில் ஒன்று. பைக்குள் கம்பி நுழையும் இடம்தான் நிறையப் பேர் மணிக்கணக்கில் தேடும் கசிவு. பின்னல் உறைக்குள்ளாகவே காற்று ஊர்ந்து வரும், வெளியே எவ்வளவு டேப் ஒட்டினாலும் நிற்காது. டேப் வரும் இடத்தில் கொஞ்ச நீளத்துக்கு உறையை உரித்து, இரு கம்பிகளையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து, டேப்புக்குள் புதைத்தால் தீர்ந்தது.

கசிவுச் சோதனை: முழு வேக்யூம் எடுத்து, கொஞ்ச நேரம் நிலைபெற விட்டு, பம்ப்பைத் துண்டித்துப் பாருங்கள். 5 நிமிடத்தில் ஓர் அங்குலப் பாதரசம், அதாவது ஏறக்குறைய 34 மில்லிபாருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது பரவலாக உள்ள எல்லை. இறங்கினால் மடிப்புகளின் அடி, கம்பி, போர்ட் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் கசிவு கண்டறியும் கருவியால் தேடுங்கள்.

படி 9: ஆட்டோகிளேவ்

மாதிரி சைக்கிள் இது. முழு வேக்யூமோடு உள்ளே ஏற்றி, அழுத்தத்தை 7 பாருக்கு உயர்த்துகிறோம். அழுத்தம் 1 பாரை எட்டும்போது பைக்குள் வேக்யூமை மைனஸ் 0.2 பாராகக் குறைக்கிறோம். ஆழமான வேக்யூமில் ரெசினிலுள்ள ஈரமும் ஆவிப்பொருளும் எளிதாகக் கொதித்துக் குமிழாகும் என்பதால். நிமிடத்துக்கு 1 முதல் 3 டிகிரி வேகத்தில் 110 டிகிரிக்கு ஏற்றி, 60 நிமிடம் நிறுத்தம். மறுபடி ஏற்றி 180 டிகிரியில் 120 நிமிடம். பிறகு நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரியில் ஆறவிட்டு, பாகம் 60 டிகிரிக்குக் கீழே வந்தபின்தான் அழுத்தத்தை இறக்குகிறோம். ஏற்றம் 2 டிகிரி, இறக்கம் 3 டிகிரி என்று வைத்தால் கணக்குப்படி 5 மணி நேரம். கனத்த டூல் பின்தங்கும், அதனால் நிஜத்தில் கூடும்.

நிறுத்த நேரம் தொடங்குவது மிகப் பின்தங்கிய தெர்மோகப்பிள் எல்லைக்குள் வந்த பிறகே. காற்றின் வெப்பநிலையைப் பார்த்து எண்ணத் தொடங்கினால் தடித்த பகுதி அரைகுறையாக இறுகும். பை கசிந்தால் எப்போது கசிந்தது என்பதே கேள்வி. ரெசின் கெட்டிப்படுவதற்கு முன் என்றால் பாகத்தை அமுக்க அழுத்த வித்தியாசமே இருக்காது, உள்ளே முழுக்க நுண்துளைதான். கெட்டிப்பட்ட பின் என்றால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதனால் சார்ட்டில் கசிந்த நேரத்தைக் குறித்துவைத்து, முடிவைப் பொறியாளரிடம் விடுங்கள். நடுவில் தேன்கூடு போன்ற ஹனிகோம்ப் கோர் உள்ள பாகத்துக்கு 7 பார் போட்டால் கோர் பக்கவாட்டில் நசுங்கிவிடும்; அதற்கு அழுத்தம் குறைந்த தனி சைக்கிள் உண்டு. எந்த பாகம் எந்த லோடில் போகிறது என்று இருமுறை பாருங்கள்.

தீப்பிடிக்காமலிருக்க உள்ளே நைட்ரஜன்தான் நிரப்புவார்கள். அதற்கு நிறமும் வாசனையும் இல்லை. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனால் உள்ளே கால் வைக்கக் கூடாது. கதவு திறந்திருக்கிறதே என்று, விழுந்த ஒரு கிளிப்பை எடுக்கத் தலையை உள்ளே விட்டால்கூட ஆபத்து. மீட்டர் காட்டட்டும், பெர்மிட் வரட்டும்.

படி 10: கழற்றல், ட்ரிம், துளை

டூலிலிருந்து கழற்ற பிளாஸ்டிக் ஆப்பு மட்டும். ஓரத்தில் இறுகிய ரெசின் கண்ணாடிச் சில்லு போல வெட்டும், கனமான கையுறை போடுங்கள்.

ட்ரிம் செய்ய, அதாவது ஓரங்களை வெட்ட, வைரப் பூச்சு கட்டர் அல்லது பிசிடி (வைரத் துகள்களை இறுக்கிய வெட்டுமுனை). மழுங்கிய கட்டர் இழையை வெட்டாமல் இழுக்கும், ஓரம் பிசிறும், ரெசின் கருகும். துளையிடும்போது பின்பக்கம் மரத்துண்டோ பழைய லாமினேட்டோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். ட்ரில் வெளியேறும் நொடியில்தான் கடைசி பிளை உரியும். அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும். சுவிட்ச் போர்டிலும் கம்ப்யூட்டரிலும் புகுந்தால் ஷார்ட் ஆகும், ஆகவே உறிஞ்சி இல்லாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். மாட்டப்போகும் இடம் அலுமினியம் என்றால் நடுவே கண்ணாடியிழைப் பிளையோ சீலன்ட்டோ இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் ஈரம் பட்டவுடன் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

படி 11: ஆய்வில் வரும் பிழைகளும் அவை பிறந்த இடமும்

பாகத்தின் உட்புறத்தைக் காட்டும் அல்ட்ராசோனிக் சி-ஸ்கேன் படத்தை இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது கூட நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். உங்கள் கை என்ன செய்தது என்பது வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மூலை நெடுக ஓடும் கோடு என்றால் பாலமிட்ட பிளை அல்லது இறுகிய பை. கூர்மையான விளிம்போடு தனித் திட்டு என்றால் உள்ளே தங்கிய பின்தாள். பாகம் முழுக்கப் புகைபோலப் பரவியிருந்தால் ஈரம், அல்லது பை கசிவு. நுண்துளைக்கான எல்லை பெரும்பாலும் கன அளவில் 2 சதவீதம். ஒரு சதவீதம் கூடினால் பிளைகளுக்கு இடையேயான வெட்டுவலிமை சுமார் 7 சதவீதம் குறையும் என்பது துறையில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு.

கண்ணுக்கே தெரியும் பள்ளத்தை ரெசின் பூசி நிரப்பிவிட்டு அனுப்புவது பெரிய குற்றம். எந்தப் பழுதுபார்ப்பும் எழுத்து மூலமான ஒப்புதலோடுதான்.

உடம்பு

இறுகாத எப்பாக்சி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். பல மாதம் ஒன்றும் ஆகாமலிருந்து, ஒருநாள் மணிக்கட்டில் அரிப்பாகத் தொடங்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். வேலையையே விட நேரிடலாம். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். அசிட்டோன் தேய்த்தால் ரெசின் போனதுபோல் தெரியும், உண்மையில் தோலின் எண்ணெய்ப் படலத்தைக் கரைத்து அதை உள்ளே அனுப்புகிறீர்கள். ட்ரிம் அறையில் துணி மாஸ்க் பயனில்லை, நுண்தூளுக்கான ரெஸ்பிரேட்டரே வேண்டும். உடையில் படிந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், வேக்யூம் கிளீனரால் எடுங்கள். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர

இந்தியாவில் இந்தத் தொழிலின் மையம் பெங்களூருதான். தேஜஸுக்கான கம்போசிட் தொழில்நுட்பத்தில் பெரும்பங்கு அங்குள்ள தேசிய வான்வெளி ஆய்வகத்தில் உருவானது. ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கு அப்ரென்டிஸ் வழியே நுழைவது நடைமுறையில் எளிது. பிளாஸ்டிக்ஸ் தொழில்நுட்பம் படிக்க விரும்புவோருக்குச் சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. விமானத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்த பயிற்சித் தரங்களும் உண்டு. சேருவதற்கு முன் அந்தச் சான்றிதழை நீங்கள் குறிவைக்கும் கம்பெனி ஏற்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நேர்முகத்துக்குப் போகுமுன் மூன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: 16 பிளை அடுக்கைச் சமச்சீராகத் தாளில் எழுதுவது, அவுட் லைஃப் பதிவைக் கூட்டிக் கழித்துச் சொல்வது, ஆங்கில ரூட் கார்டு ஒன்றை முழுக்கப் படித்துப் புரிந்துகொள்வது. மூலையுள்ள எந்தப் பெட்டியிலும் மெழுகுத்தாளையும் சாதாரண நைலான் ஃபிலிமையும் வைத்து மடிப்பு போட்டுப் பழகலாம், செலவு அதிகமில்லை.